பார்க்காத கதவுக்குப் போட்ட கையெழுத்து

எனக்கு இருபத்தேழு வயதில் பணி ஓய்வு கொடுத்தார்கள். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மலாக்காவில், காஜா பேராங்கில் நான் ஏழு வருடம் வேலை பார்த்த மரச்சாமான் பட்டறையில், கல்யாணமான பெண்ணுக்கு ஆபீசில் இடமில்லை என்பது சட்டம். எங்கும் எழுதி வைக்காத சட்டம். கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுபோய்க் கொடுத்த மறுவாரமே மேசைமேல் விரிப்பு போட்டு, கேக் வெட்டி, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதே மாதம் கல்யாணமான தச்சர் ஒருவருக்கு மூன்று நாள் லீவு கொடுத்து, சம்பளத்தையும் கூட்டினார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது மேனேஜர் வேதமுத்துவின் பேச்சு. "கோகிலா போட்ட கையெழுத்தில் இந்த ஏழு வருடத்தில் ஒரு தவறு கிடையாது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். கை தட்டினார்கள். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தவறு இருந்தது. அவருக்கும் தெரியும். பழைய தோழிகள் வேலையைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எழுதுவதென்றால் அதைத்தான் எழுத வேண்டும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா சாலை போடும் வேலையில் இருந்தார். ஐந்தாம் பாரம் முடித்து, தட்டச்சு பழகி, கிராணி வேலைக்கு, அதாவது குமாஸ்தாவாக, சேர்ந்தபோது, அம்மா என் சட்டையை இரண்டு முறை இஸ்திரி போட்டார். முதல் இரண்டு வருடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. தட்டச்சு, கோப்பு, தொலைபேசி. சாமான் கேட்டு வருகிறவர்கள், "உள்ளே ஆம்பளை யாரும் இல்லையா?" என்பார்கள். "இருக்காங்க, ஆனா அவங்களுக்கு இங்கிலீஸ் தெரியாது" என்பேன். எனக்குத் திமிர் அதிகம் என்று பட்டறையில் பேசிக்கொண்டார்கள். இருந்தது உண்மைதான்.

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்த பிறகு கிராமங்களில் சிறுசிறு கிளினிக்குகள் திறந்தார்கள். அவற்றுக்கு மருந்து அலமாரி செய்யும் வேலை எங்களுக்கு வந்தது. நாற்பது அலமாரிகள். முன்பக்கம் நான்கு புறமும் மரச்சட்டம் வைத்து, சட்டத்துக்குள் கண்ணாடி போட்ட கதவு அமர வேண்டும். சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே ஒரு தீப்பெட்டி அட்டை நுழையும் இடம்தான் இருக்கலாம். அதற்கு மேல் இருந்தால் எறும்பு போகும், பல்லி போகும் என்று எழுதியே அனுப்பியிருந்தார்கள். அந்த அலமாரிகளுக்காகவே சீமையிலிருந்து புது மாதிரி கீல் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது.

சாதாரணக் கீலில் திருகாணி போகும் ஓட்டை எல்லாம் வட்டமாக இருக்கும். இதில் அப்படி இல்லை. சட்டத்தில் பதியும் தகட்டில் இரண்டு ஓட்டைகள் மேலும் கீழுமாக நீண்டிருந்தன. கதவில் பதியும் தகட்டில் இரண்டு ஓட்டைகள் பக்கவாட்டில் நீண்டிருந்தன. ஒவ்வொரு தகட்டிலும் ஒரே ஒரு வட்ட ஓட்டை தனியாக இருந்தது.

தலைமைத் தச்சர் நாயக்கர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் காஜா பேராங் செட்டிக் கம்பத்துக்காரர்; தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே இருக்கும் செட்டிகளின் கிராமம் அது. பேச்செல்லாம் மலாய்தான், தமிழில் சாமி கும்பிடவும் பலகாரத்துக்குப் பேர் சொல்லவும் மட்டும் வரும். அவர் பேசியதை நான் தமிழாக்கி எழுதுகிறேன்.

"சீமைக்காரனுக்கு ஓட்டை போடக்கூடத் தெரியலை லா. கோணல் மாணலா இழுத்து வச்சிருக்கான்."

"கோணல் இல்லை, நாயக்கர். வேணும்னே வச்சிருக்கான். பெட்டிக்குள்ளே காகிதம் இருக்கு, படிக்கிறேன் கேளுங்க."

"படி, படி. நீ படிக்கிறதைக் கேக்கத்தானே எங்களுக்குக் காது இருக்கு" என்றார். மற்ற தச்சர்கள் சிரித்தார்கள்.

படித்தேன். முதலில் நீண்ட ஓட்டைகளில் மட்டும் திருகாணி போட்டு, அரை முறுக்கில் கதவை மாட்ட வேண்டும். அலமாரியை அது நிற்கப்போகும் இடத்துக்குக் கொண்டுபோய், ஆட்டம் இல்லாமல் ஆப்பு வைத்து நிறுத்த வேண்டும். உள்ளே சாமான்களை அடுக்க வேண்டும். ஒன்றிரண்டு நாள் விட வேண்டும். பாரம் ஏறியதும் மரம் கொஞ்சம் உட்காரும், சட்டம் கொஞ்சம் சாயும். அப்போது திருகாணியைத் தளர்த்தி, கதவை மேலே கீழே நகர்த்திச் சரிசெய்யலாம், பக்கவாட்டிலும் நகர்த்தலாம். எல்லாம் சரியான பிறகு கடைசியாகத்தான் அந்த வட்ட ஓட்டையில் திருகாணி போட வேண்டும். அது பூட்டு மாதிரி. போட்ட பிறகு கதவு நகராது.

நாயக்கர் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். ஒரு கதவை எடுத்து நான் படித்தபடியே மாட்டினார். உள்ளங்கையால் லேசாகத் தட்டினார். கதவு நூலளவு மேலே ஏறியது. மறுபடி தட்டினார், இறங்கியது. "அலாமா!" என்று வியந்தார். நானும் தட்டிப் பார்த்தேன்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். கடைசித் திருகாணியைக் கிளினிக்கில் வைத்துத்தான் போட வேண்டும்; ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு தடவை ஆள் போக வேண்டும் என்று.

வேதமுத்துவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர் கத்த மாட்டார். எந்த உத்தரவையும் முழு வாக்கியமாகச் சொல்லவும் மாட்டார். "அது இருக்கட்டும்... லோரி ஒரு தடவைதானே போகுது... நீங்க பார்த்துக்குங்க." அவ்வளவுதான். பிறகு ஏதாவது ஆனால், "நான் அப்படிச் செய்யச் சொன்னேனா?" என்பார். யோசித்துப் பார்த்தால் சொல்லியிருக்கவே மாட்டார். எதிலும் கையெழுத்துப் போடவும் மாட்டார். சட்டைப்பையில் நல்ல பேனா ஒன்று இருக்கும். காகிதம் வந்தால் பேனாவின் மூடியைத் திறந்து, முனையைத் தன் பக்கம் வைத்து, பின்பக்கத்தை அடுத்தவரிடம் நீட்டுவார். ஏழு வருடத்தில் அந்தப் பேனாவால் அவர் எழுதி நான் பார்த்ததில்லை.

"லோரி ஒரு தடவைதானே போகுது" என்பதை நாயக்கரிடம் சொன்னேன்.

"அப்ப எல்லாத் திருகாணியும் இங்கேயே போடணுமா? வட்ட ஓட்டையிலயுமா?"

"அப்படித்தான் போல."

"மானா போலே? அதெப்படி முடியும்? பின்னே எதுக்கு அந்தக் காகிதத்தைப் படிச்சே?"

தச்சரிடம் பதில் இல்லாமல் நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. "மேனேஜர் சொல்றதைச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஒவ்வொரு அலமாரியோடும் ஒரு சோதனைச் சீட்டு போக வேண்டும். சீமைக் காகிதத்தில் உள்ளபடி கதவு மாட்டப்பட்டது, திறந்து மூடிப் பார்க்கப்பட்டது, சரியாக இருக்கிறது என்று அச்சடித்திருக்கும். கீழே 'பார்த்தவர்' என்று ஒரு கோடு. வேதமுத்து நாற்பது சீட்டையும் என் மேசையில் வைத்தார். பேனாவின் பின்பக்கம் என்னை நோக்கி நீண்டது.

"கையெழுத்துன்னா சும்மா இல்லை, கோகிலா. கவர்மெண்டு பைலுக்குப் போகுது. இங்கே படிச்சவங்க வேற யாரு இருக்கா?"

நான் வாங்கிக்கொண்டேன். இதை எழுதும்போது என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது. எங்கள் பரம்பரையில் யாருடைய பெயரும் அரசாங்கக் கோப்புக்குப் போனதில்லை. நான் நாற்பது தடவை போட்டேன். கோகிலாவின் 'லா' எழுத்துக்கு வால் நீட்டி, அழகாக, ஒன்று மாதிரியே நாற்பது. வெளியே லோரி புகை கக்கிக்கொண்டு நின்றது; அலமாரிகளுக்கு மேல் ஏற்கனவே தார்ப்பாய் கட்டிவிட்டார்கள். சீட்டு வாங்க வந்த நாயக்கர் நின்று பார்த்தார்.

"சாமான் லோரியிலே ஏறியாச்சு. நீ எதைப் பார்த்து எழுதறே?"

"உங்களுக்கு என்ன தெரியும், நாயக்கர்? இது ஆபீஸ் வேலை."

அவர் சீட்டுகளை எண்ணி வாங்கிக்கொண்டு போனார்.

ஆறு வாரம் கழித்து கிளேபாங் கிளினிக்கிலிருந்து தொலைபேசி வந்தது. மருந்து அலமாரியின் கதவு கழன்று விழுந்துவிட்டது. மருத்துவச்சி மிஸி ருக்குமணியின் (நர்சை நாங்கள் மிஸி என்போம்) வலது மணிக்கட்டில் கண்ணாடி இறங்கிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் தையல் போட்டிருக்கிறார்கள். தொலைபேசியை எடுத்தவள் நான். கேட்டதை எழுதிக்கொண்டு போய் மேனேஜரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "அந்தப் பொம்பளை கதவைப் பிடிச்சுத் தொங்கினாளாமா?" என்றார்.

அடுத்த வாரம் சுகாதார இலாகா விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியது. வேதமுத்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்று பதிலைச் சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாக முழு வாக்கியங்கள் பேசினார். அலமாரி சோதித்து அனுப்பப்பட்டது. ஊழியர் கதவை முரட்டுத்தனமாக இழுத்ததே காரணம். கவனக்குறைவு ஊழியருடையது. ஆதாரமாகச் சோதனைச் சீட்டு இணைக்கப்பட்டுள்ளது.

நான் தட்டச்சை நிறுத்தினேன். "சார், மிஸி மேல கவனக்குறைவுன்னு போட்டா அவங்க வேலை போயிடும்."

"அது இலாகா பார்த்துக்கும்."

"அந்தக் கதவை நான் பார்க்கலை, சார்."

"பார்த்தேன்னு எழுதியிருக்கியே?" குரல் மாறவே இல்லை. "பார்க்காம எழுதினேன்னா அது பொய். கவர்மெண்டுக்குப் பொய் எழுதிக் குடுத்த பொண்ணுக்கு மலாக்காவுல எவன் வேலை குடுப்பான்? அடி, அடி. நேரமாகுது."

அடித்தேன். ஆமாம், அடித்து முடித்தேன். என் கையெழுத்து உள்ள சீட்டை நானே ஊசி குத்தி இணைத்தேன்.

கடிதத்துக்குப் பிறகு விசாரணை என்றார்கள். அதிகாரி கிளேபாங்குக்கே வருகிறார். மேனேஜர், தச்சர், சீட்டில் கையெழுத்திட்டவர் மூவரும் வர வேண்டும். காலையில் போனோம். கடலுக்குப் பக்கத்துக் கட்டடம். சிமெண்டுத் தரை வாசல் பக்கம் இறக்கமாக இருந்தது. மிஸி ருக்குமணிக்கு நாற்பது வயது இருக்கும். கையைக் கழுத்தில் தூளி கட்டித் தொங்கவிட்டிருந்தார். அவர் கை நான்கு கம்பத்துக் குழந்தைகளையெல்லாம் இந்த உலகத்துக்கு இழுத்துவிட்ட கை என்று வாசலில் காத்திருந்த மலாய்ப் பெண்கள் சொன்னார்கள்.

"நீதான் சீட்டு எழுதின பொண்ணா?" என்று மிஸி என்னிடம் கேட்டார். "அழகா எழுதியிருக்கே. அதிகாரி காட்டினாரு."

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அதிகாரி இளம் மலாய்க்காரர். ஆங்கிலத்தில் கேட்டார். மேனேஜர் கடிதத்தில் இருந்ததையே சொன்னார். மிஸி தன் முறை வந்ததும் மலாயில் சொன்னார்: "ரெண்டாம் நாள்லேருந்தே கதவு கீழே இடிச்சுது. ரெண்டு தடவை எழுதிப் போட்டேன். யாரும் வரலை. பிரசவ வலியிலே ஒரு பொண்ணு கத்துறா, மருந்து உள்ளே இருக்கு. நான் இழுக்காம என்ன சார் பண்ணுவேன்? கதவுகிட்டே மன்னிப்பு கேட்டுக்கிட்டா நிக்க முடியும்?"

அதிகாரி என் பக்கம் திரும்பினார். சீட்டைக் காட்டினார். "இது உங்கள் கையெழுத்தா?"

"ஆமாம்."

"அனுப்பிய அன்று கதவு சரியாக இருந்ததா?"

வேதமுத்து தொண்டையைக் கனைத்தார். பயந்தேன். வேலையை நினைத்துப் பயந்தேன்; அதைவிட, என் பெயரை நானே கீழே போட வேண்டும் என்பதை நினைத்து. பொய் சொன்னவள் என்று அந்தக் கோப்பில் எழுதப்படும். மிஸியைப் பார்த்தேன். தூளியிலிருந்து வெளியே தெரிந்த விரல்கள் மடங்கியபடியே இருந்தன. நீட்ட முடியாத விரல்கள்.

"தெரியாது" என்றேன். "நான் கதவைப் பார்க்கவில்லை. நாற்பதில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. லோரி கிளம்பும்போது எல்லாச் சீட்டிலும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டேன். கீல் காகிதத்தில் எப்படி மாட்டச் சொல்லியிருந்தது என்று எனக்குத் தெரியும். மேனேஜரிடமும் சொன்னேன். அப்படி மாட்டவில்லை என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டேன்."

"நான் எப்போ கையெழுத்துப் போடச் சொன்னேன்?" என்று வேதமுத்து தமிழில் சீறினார்.

"சொல்லலை, சார். பேனாவை நீட்டினீங்க."

அதிகாரிக்குத் தமிழ் புரியவில்லை. நாயக்கர் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. திருப்புளியை எடுத்துக்கொண்டு அதே அறையில் இருந்த இரண்டாவது அலமாரிக்குப் போனார். அதன் கதவும் கீழே இடித்தது. அதிகாரியை அழைத்து இழுத்துப் பார்க்கச் சொன்னார். அவர் இழுத்தார், அலமாரியே முன்னால் ஆடியது. நாயக்கர் மேல் கீலைக் காட்டினார். திருகாணியைச் சுற்றி மரம் ஏற்கனவே நார் நாராகப் பெயரத் தொடங்கியிருந்தது. வட்ட ஓட்டைத் திருகாணியைக் கழற்றினார், மற்றவற்றைத் தளர்த்தினார், அடிப்பக்கம் இரண்டு ஆப்பு செருகினார், உள்ளங்கையால் கதவைத் தட்டினார். மறுபடி முறுக்கிவிட்டு ஒரு விரலால் தள்ளினார். கதவு சத்தமில்லாமல் சட்டத்துக்குள் போய் உட்கார்ந்தது.

"இவ்வளவுதானா?" என்றார் அதிகாரி.

"இவ்வளவுதான் துவான்" என்றார் நாயக்கர்.

மிஸி அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் சிரித்தார். பிறகு, "இவ்வளவுக்காகவா?" என்று கேட்டார்.

மிஸி மேல் தவறு இல்லை என்று இலாகா எழுதியது. வேலை போகவில்லை. ஆனால் அந்தக் கையால் இனிப் பிரசவம் பார்க்க முடியாது. டவுன் கிளினிக்கில் தாய்மார்களுக்குப் புத்தி சொல்லும் வேலைக்கு மாற்றினார்கள். எங்கள் பட்டறை நாற்பது அலமாரியையும் தன் செலவில் மறுபடி மாட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. என்னை வெளியே அனுப்பவில்லை. மன்னித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். அந்தக் காகிதத்தைப் படித்துச் சொல்ல வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான். வேதமுத்து ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு, ஒன்றும் நடக்காதது மாதிரி பேசினார். அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. நாயக்கரிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டேன். "ஆபீஸ் வேலை முடிஞ்சுதா?" என்றார். அதன் பிறகு என்னை எங்கே பார்த்தாலும் அதையே கேட்பார். எனக்கு அது வேண்டியதுதான்.

நாயக்கரும் நானும் ஒவ்வொரு கிளினிக்காகப் போனோம். ஒரு நாள் தளர்த்தி நிறுத்துவோம். இரண்டு நாள் கழித்துப் போய்ச் சரிசெய்து, வட்ட ஓட்டையைப் பூட்டுவோம். தீப்பெட்டி அட்டையை நானே கதவைச் சுற்றி நான்கு புறமும் ஓட்டிப் பார்ப்பேன். பத்து தடவை திறப்பேன். பத்து தடவை மூடுவேன். அதன் பிறகுதான் பையிலிருந்து என் சொந்தப் பேனாவை எடுப்பேன். ஒரு நாளைக்கு இரண்டு அலமாரிக்கு மேல் முடிந்ததில்லை.

கிளேபாங் கடைசியில் வந்தது. அன்று மிஸி ருக்குமணிக்கு அங்கே கடைசி நாள். புதிதாக வந்த மிஸியிடம் சாவிகளை ஒப்படைத்துக்கொண்டிருந்தார். தூளி இல்லை, கை மட்டும் பக்கத்தில் சும்மா தொங்கியது. புதுக் கதவை இடது கையால் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "இப்ப ஒழுங்கா இருக்கே" என்றார், குழந்தையைச் சொல்வது மாதிரி.

நான் பார்த்தவர் கோட்டில் கையெழுத்துப் போட்டேன். சீட்டில் இப்போது இன்னொரு கோடும் சேர்த்திருந்தார்கள்: பெற்றுக்கொண்டவர். பேனாவை மிஸியிடம் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் உறைத்தது. அவர் வலது கையில் அதைச் செருகிப் பார்த்தார். விரல்கள் பிடிக்கவில்லை, பேனா உருண்டு விழுந்தது. இடது கையால் எழுத முயன்றார். இரண்டு எழுத்துக்குப் பிறகு நிறுத்தி, காகிதத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தார்.

"இது என் பேர் மாதிரியே இல்லையே லா" என்று சிரித்தார். "சீனியர் மிஸின்னு பேரு. கை நாட்டு!"

புது மிஸி, "நான் போடறேன்க்கா" என்றார்.

"வேணாம். வாங்கிக்கிட்டது நான்." பிள்ளை பெற வரும், எழுதத் தெரியாத தாய்மார்களுக்காக வைத்திருந்த மைப்பெட்டியை எடுத்துவரச் சொன்னார். எந்தக் கை என்று நான் கேட்டேன். "பொம்பளைங்களுக்கு வலது கைன்னு நான்தானே இங்கே எல்லாருக்கும் சொல்லுவேன்" என்றார்.

வலது கையை இடது கையால் தூக்கி மேசைமேல் வைத்தார். கட்டைவிரல் தானாக நிமிரவில்லை. நான்தான் அதைப் பிடித்து நிமிர்த்தி, மையில் அழுத்தி, என் பெயருக்குக் கீழே கொண்டுவந்து வைத்தேன்.